கயிற்றின் மறுமுனை யார் கையில்?
(டாக்டர் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, தூத்துக்குடி)



அண்ணல் நினைவாகப் பேச வருபவர்கள் அரசியல் சட்டத்திலிருந்தோ இடஒதுக்கீட்டிலிருந்தோ பௌத்தத்திலிருந்தோ தொடங்குவது வழக்கம். நான் இன்று விரலில் ஏறும் ஊசியைப் பற்றியும், குப்பை தூக்கித் தூக்கி நோகும் இடுப்பைப் பற்றியும், கழிவுநீர்த் தொட்டிக்குள் மூச்சு நின்றுபோன மனிதர்களைப் பற்றியும் பேசப் போகிறேன். இது அண்ணலுக்கு அந்நியமான பொருள் இல்லை. 1935-லேயே பம்பாய் மாநகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர் அவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர். நிலக்கரிச் சுரங்கங்களை நேரில் போய்ப் பார்த்தார். தொழிற்சாலையில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 மணி நேரமாகக் குறைக்கும் திருத்தம் அவர் துறையிலிருந்துதான் வந்தது. உழைப்பவரின் உடல் ஓர் அரசியல் பிரச்சினை என்பது அவருக்குத் தெரியும். நாம்தான் அதை மருத்துவர்களிடமும் மேஸ்திரிகளிடமும் விட்டுவிட்டோம்.

நாம் கூடியிருப்பது முத்துக்குளித்துறையின் கரையில். அதனால் கடலிலிருந்தே தொடங்குகிறேன்.

கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பு ஒன்று உண்டு. பெரிப்ளூஸ் என்பார்கள். அதில் நம் கொற்கை வருகிறது. கொற்கையில் முத்துக்குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு செய்கிறார்கள் என்று அந்த மாலுமி எழுதி வைத்திருக்கிறான். முத்து அரசனுக்கும் வணிகனுக்கும் போகும். மூச்சடக்கி ஆழத்துக்குப் போக வேண்டியவன் கைதி. செத்தால் கேட்க ஆள் இல்லாதவனிடம் ஆபத்தான வேலையைக் கொடுப்பது எவ்வளவு பழைய பழக்கம் என்று பாருங்கள்.

ஆனால் இதே கடற்கரை இன்னொரு பழக்கத்தையும் உண்டாக்கியது. பிற்காலத்தில் முத்துக்குளித்தல் கடலோடிகளின் குலத்தொழிலாக ஆனபோது, காலில் கல்லைக் கட்டி இறங்குகிறவனின் கயிறு படகில் நிற்கும் ஒருவன் கையில் இருந்தது. ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் மூச்சு. கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். ஒரு கணம் பராக்குப் பார்த்தால் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் எல்லோரும் சொல்வார்கள். ஏன் மச்சான்? கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் நல்லவனா கெட்டவனா என்பது இங்கே பொருட்டல்ல. கீழே இருப்பவன் செத்தால் மேலே இருப்பவனுக்கும் இழப்பு உண்டு. அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்தார்கள்.

பணியிடப் பாதுகாப்பு என்று பெரிய புத்தகங்களில் சொல்வது எல்லாம் இதுதான் தோழர்களே. ஒருவர் ஆபத்தில் இறங்கும்போது கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது? கீழே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் மேலே இருப்பவர் எதை இழப்பார்? இந்த இரண்டு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு கடலிலிருந்து கரைக்கு வருவோம்.

2020 ஜூலை 2-ஆம் தேதி, நம் மாவட்டத்தின் கீழ செக்காரக்குடியில் ஒரு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த நான்கு பேர் இறந்துபோனார்கள். கொரோனா ஊரடங்குக் காலம் அது. ஒரு தொட்டியில் நான்கு பேர். இந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலர், ஒருவர் போதாதென்று நால்வருமா இறங்கினார்கள் என்று கேட்டார்கள். அறியாமை என்று சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. மீத்தேனும் சேர்கிறது. பிராணவாயு குறைகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அது ஹைட்ரஜன் சல்பைடுதான். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அளவு கூடினால் மூக்கின் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். மேலாகப் பார்க்கும்போது சாதுவாகக் கிடக்கும் சகதியைக் காலால் மிதித்துக் கலக்கியவுடன் அடியில் அடைபட்ட வாயு மொத்தமாக வெளியே வரும். ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சரிவார். மேலே நிற்பவர் பார்ப்பது, கூட வந்தவர் மயங்கி விழுவதை மட்டும்தான். அவர் என்ன செய்வார்? தூக்கப் போவார். அவரும் விழுவார். நாடெங்கும் தொட்டிச் சாவுகளில் ஒருவர் பின் ஒருவராகப் போவது இப்படித்தான். இதற்குப் பெயர் அறியாமை என்றால், நண்பனைக் காப்பாற்றப் போவதற்கும் அதே பெயரைத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

கடலில் இறங்கியவன் இடுப்பிலோ கையிலோ ஒரு கயிறு இருந்தது. தொட்டிக்குள் இறங்குகிறவரிடம் அதுவும் இல்லை. இருந்திருந்தால் மேலே நிற்பவர் உள்ளே போகாமலே இழுத்திருப்பார். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் இதைத்தான் சொல்கின்றன. முதலில், இயந்திரத்தால் செய்ய முடிந்த வேலைக்கு ஆளை இறக்கவே கூடாது. தவிர்க்க முடியாத நிலையில், எழுத்துமூலம் காரணம் சொல்லி அனுமதி பெற்று இறக்கினால், உள்ளே வாயு இருக்கிறதா, பிராணவாயு போதுமா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று பேர் அந்த இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மேற்பார்வையாளர். இந்தச் சட்டம் மாநகராட்சியை மட்டும் கட்டுப்படுத்துவது இல்லை. கூலி பேசி ஆளை இறக்கும் வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும். முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எத்தனை வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும்? தெரியாது என்றால் சொல்வது நம் வேலை.

தொட்டிச் சாவு செய்தியாகவாவது வருகிறது. செய்தியாகாத காயங்களுக்கு வருகிறேன்.

விடிகாலையில் நம் தெருவில் குப்பையைப் பிரிக்கும் அக்காவின் கையைப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை நோய்க்குப் போட்ட இன்சுலின் ஊசி, உடைந்த டம்ளர், மீன் முள், சவர பிளேடு எல்லாம் ஒரே பையில் வருகின்றன. மருத்துவமனை வார்டில் படுக்கை விரிப்பை உதறும் பணியாளரின் உள்ளங்கையில் யாரோ மறந்து வைத்த ஊசி ஏறுகிறது. நோயாளியைத் தள்ளுபடுக்கையிலிருந்து தனியாகத் தூக்கி மாற்றியவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரிகள் ஓடும் சாலையில் இருட்டோடு இருட்டாகப் பெருக்குகிறவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. வண்டிக்காரனுக்கும் அவர் தெரிய மாட்டார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு முழங்கால் சேற்றில் இறங்கி ஊரை மீட்டவர்கள் யார்? வெள்ளத்து நீரில் எலிச்சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்ன வெட்டு இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் உள்ளே போய்விடும். 2025 ஆகஸ்டில் சென்னை கண்ணகி நகரில் அதிகாலை வேலைக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர், தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். மனிதரைப் பராமரிக்கும் வேலைகள் இவை எல்லாம். செய்பவரைப் பராமரிக்க மட்டும் ஆள் இல்லை.

ஊசிக் காயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தடுக்கக்கூடியது அது. ஊசியில் ஒட்டியிருக்கும் இரத்தம் நோயாளியுடையது. அவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், தொற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகலாம். எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று. நாம் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறோம். அதைவிட நூறு மடங்கு எளிதில் தொற்றக்கூடிய ஹெபடைடிஸ் பி-யைப் பேசுவதில்லை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்கின்றன. நிரந்தரமா ஒப்பந்தமா என்று அந்த விதி பிரித்துப் பார்க்கவில்லை.

குத்திவிட்டால் என்ன செய்வது? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், பிளீச்சிங் ஊற்ற வேண்டாம். உடனே சொல்லி, பதிவு செய்யச் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியே ஆக வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். சொல்லாமல் மறைத்து மூன்று நாள் போனால் அந்த வாய்ப்பு போய்விடும். ஏன் மறைக்கிறார்கள்? சொன்னால், கவனமில்லை என்று திட்டு விழும், அன்றைய கூலி போகும், நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆகவே காயத்தைச் சொல்பவருக்கு வேலை போகாது என்ற உறுதியும் ஒரு மருந்துதான். அது இல்லாத இடத்தில் மற்ற மருந்துகள் அலமாரியிலேயே இருக்கும்.

இனி ஒரு பழக்கமான கேள்வி. விபத்து நடந்தவுடன் அதிகாரி முதலில் கேட்பது, "கையுறை போட்டிருந்தாரா?" என்பதுதான். நாமும் போராட்டத்தில் முதலில் கேட்பது கையுறைதான். கையுறை வேண்டும், காலணி வேண்டும், ஒளிரும் மேலாடை வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே அதைக் கூறின. ஆனால் பாதுகாப்புத் துறையில் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. அதில் கையுறை கடைசிப் படி.

முதல் படி, ஆபத்தையே இல்லாமல் ஆக்குவது. மனிதர் இறங்கத் தேவையில்லாதபடி பாதாளச் சாக்கடையை அமைப்பது, தொட்டியைக் கட்டும்போதே லாரிக் குழாய் எட்டும்படி கட்டுவது. இரண்டாவது, ஆபத்தான முறைக்குப் பதில் வேறு முறை. ஊசி தேவையில்லாத இடத்தில் மாத்திரை. மூன்றாவது, கருவியால் தடுப்பது. கேரளத்தில் இளம் பொறியாளர்கள் 2018-ல் சாக்கடைக் குழிக்குள் இறங்கும் பேண்டிகூட் என்ற எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிதாகப் போக வேண்டாம், வார்டில் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஊசி துளைக்காத வெள்ளை டப்பா இருந்தால், செவிலியர் ஊசியை மூடி போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. முக்கால் டப்பா நிறைந்ததும் மாற்ற வேண்டும். நான்காவது, வேலையை ஒழுங்குபடுத்துவது. ஒருவர் தூக்குவதை இருவராகத் தூக்குவது, கத்திரி வெயிலில் நடுப்பகல் வேலையை நிறுத்துவது, போதிய ஆள் போடுவது. இவை எல்லாம் செய்த பிறகும் மிஞ்சுகிற ஆபத்துக்குத்தான் கையுறை.

இந்த வரிசையைக் கவனியுங்கள். மேல் படிகளுக்குப் பொறுப்பு அரசு, நிர்வாகம், பொறியாளர். கடைசிப் படிக்கு மட்டும் தொழிலாளி பொறுப்பு. விசாரணையைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் குற்றவாளி எப்போதும் செத்தவரோ காயம்பட்டவரோதான். ஊசி துளைக்கும் மெல்லிய கையுறையைக் கொடுத்துவிட்டு, வெயிலில் வியர்த்து வழுக்குகிறது என்று அவர் கழற்றி வைத்தால், பாருங்கள் கொடுத்தாலும் போடுவதில்லை என்கிறார்கள். கொடுத்தது அவர் கைக்குப் பொருந்துகிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

ஏன் இந்த வரிசை நம் நாட்டில் தலைகீழாக நிற்கிறது? பணம் இல்லாததாலா? துறைமுகத்தில் டன் கணக்கில் எடை தூக்கும் கிரேன் இருக்கும் ஊரில், மலத்தொட்டிக்கு எந்திரம் இல்லை என்பதற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டும் இல்லை, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரிப்பது என்று அண்ணல் 1936-லேயே விளக்கினார். அதன் தொடர்ச்சி இது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலை செய்பவர்களை ஒன்றிய அரசே அண்மையில் கணக்கெடுத்தபோது, பதிவானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர். கொற்கையில் கைதியை இறக்கினார்கள். இங்கே கைதியாக்குவதற்கு ஒரு குற்றமும் செய்ய வேண்டியதில்லை, பிறந்தால் போதும். மாற்றாக எப்போதும் ஆள் கிடைக்கும் என்று நம்பும் சமூகம் எந்திரத்தைத் தேடாது.

அடுத்தது ஒப்பந்த முறை. மாநகராட்சி ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறது, அவர் துணை ஒப்பந்ததாரரிடம், அவர் மேஸ்திரியிடம். விபத்து நடந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். மச்சான் கையிலிருந்த கயிற்றை நான்கு பேருக்குப் பங்கு போட்டால் அது கயிறாக இருக்காது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தது, தங்கள் மண்டலங்களின் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து. அதைக் கூலிப் போராட்டமாக மட்டும் பார்த்தவர்கள் உண்டு. அது பாதுகாப்புப் போராட்டமும்தான். நாளை வேலை இருக்கும் என்ற உறுதி உள்ளவர்தான், இந்தத் தொட்டிக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்ல முடியும். மறுக்க முடிவதைவிடப் பெரிய பாதுகாப்புக் கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நீதிமன்றம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2014 மார்ச் 27-ல் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20-ல் பல்ராம் சிங் வழக்கில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்பில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. உயிர் பிழைத்து ஊனமானவர்களுக்கும் குறைந்தது பத்து லட்சம், நிரந்தர ஊனத்தால் பிழைப்பே போனவர்களுக்கு இருபது லட்சத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. செத்தால்தான் கணக்கு என்ற நிலையிலிருந்து காயமும் கணக்கு என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம். ஆனால் இழப்பீடு கேட்க ஆதாரம் வேண்டும். காயம் பட்ட அன்றே அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எனவே மாணவர்களிடமும் செயல்பாட்டாளர்களிடமும் சில வேலைகளை ஒப்படைக்கிறேன்.

ஒன்று, காயப் பதிவேடு. ஒவ்வொரு வார்டிலும், தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலும் ஒரு நோட்டு. யாருக்கு, எந்தத் தேதியில், எந்த இடத்தில், எதனால், எங்கே சிகிச்சை, எத்தனை நாள் கூலி போனது. விழாமல் தப்பியதையும், குத்தாமல் தப்பியதையும் எழுதுங்கள். பத்து முறை தப்பிய அதே இடத்தில்தான் பதினோராவது முறை அடிபடும். அந்த நோட்டைத் தொழிலாளர்களே வைத்துக்கொள்ளட்டும். நாம் எழுத உதவுவோம்.

இரண்டு, தடுப்பூசி, ஈ.எஸ்.ஐ. அட்டை, காப்பீடு மூன்றும் யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்டுப் பட்டியல் எடுங்கள். இல்லாதவர்களுக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வாயு பார்க்கும் கருவி இருக்கிறதா, கடைசியாக எப்போது பயன்பட்டது என்றும் கேளுங்கள்.

மூன்று, நம் வீட்டிலிருந்தே தொடங்கக்கூடியது. ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிக் கொடுங்கள். கண்ணாடியைத் தாளில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். நாப்கினைத் தனியாகப் பொதிந்து கொடுங்கள். யாராவது தொட்டிக்குள் விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். மூடிகளைத் திறந்து காற்றுப் போகச் செய்து, தீ மூட்டாமல், 101-க்கும் 108-க்கும் அழையுங்கள்.

நான்கு, எழுதுகிறவர்களுக்கு. தகழியின் 'தோட்டியின் மகன்' 1947-ல் மலையாளத்தில் வந்தது, சுந்தர ராமசாமி தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆலப்புழையில் நடக்கும் கதை. ஆனால் அதில் வரும் இசக்கிமுத்து, சுடலைமுத்து என்ற பெயர்கள் நம் பக்கத்துப் பெயர்கள். நம் சாமிகளின் பெயர்களோடு போய் அங்கே வாளி தூக்கியிருக்கிறார்கள். தலித் இலக்கியம் இழிவை எழுதியது, பசியை எழுதியது, கோபத்தை எழுதியது. இனி ஒரு தோள்பட்டை எப்படித் தேய்கிறது, நாற்பது வயதில் மூச்சு ஏன் இரைக்கிறது, ஊசி குத்தியதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒருத்தி எப்படி இரவெல்லாம் யோசிக்கிறாள் என்பதையும் எழுதுங்கள். நோட்டில் ஏறாததைக் கதையாவது சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் படகிலிருந்து வரும் காற்றுக் குழாயை நம்பித்தான் இறங்குகிறார்கள். நகரத்தில் நம் கழிவைச் சுமப்பவர்களும் நம்மை நம்பித்தான் இறங்குகிறார்கள். அவர்களுக்கு மச்சான்களாக இருக்க நமக்கு உறவு முறை தேவையில்லை. அவர்களுக்கு ஒன்று நேர்ந்தால் நமக்கும் இழப்பு என்று நிர்வாகமும் வீட்டுக்காரரும் ஒப்பந்ததாரரும் உணரும்படி செய்யும் சட்டமும் சங்கமும் தேவை. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் நோட்டைத் தொடங்குவோம். பேனா கொண்டு வாருங்கள்.